சஹனில் ஓர் ஆள் குறைவு

சென்னைக்குப் போனால் கடற்கரையைப் பார், துணிக்கடைக்குப் போ என்பார்கள். எனக்கு அங்கே பிடித்தது சாப்பாட்டுக் கடைகள்தான். முத்துப்பேட்டையில் என்னைப் போல ஒருத்தி தனியாகக் கடையில் உட்கார்ந்து ஒரு பரோட்டா தின்றுவிட்டால், அவள் வீடு திரும்புவதற்குள் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். சென்னையில் நான் இரண்டு மசால் தோசையைச் சுருட்டி உள்ளே தள்ளினாலும் 'யாரு வூட்டுப் புள்ள இது' என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. அந்தச் சுகத்தை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

ஆசைப்பட்டுப் போன ஊர் இல்லை அது. என் வாப்பாவுக்கு நடுக்குவாதம். முதலில் வலது கையின் கட்டைவிரலில் தொடங்கி, மெல்ல மணிக்கட்டு, முழங்கை என்று ஏறியது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சென்னையில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். அதனால் வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வருவது என் வேலை. டாக்டரைப் பார்க்கும் நேரம் பத்து நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் நாங்கள் கடை கடையாக ஏறி இறங்குவோம்.

முதல் முறை போனது நின்றுகொண்டே சாப்பிடும் டிபன் கடை. இடுப்பு உயரத்துக்கு வட்டமான கல் மேஜைகள். ஒரே மேஜையில் டை கட்டிய ஒருவர், காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர், பூக்கூடையைக் காலடியில் வைத்த ஓர் அம்மாள். மூன்று பேருக்கும் ஒரே சாம்பார் வாளி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் டை கட்டியவர் நகர்ந்தபோது அந்த அம்மாளின் தண்ணீர் டம்ளர் தட்டாமல் கையால் அணை கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கல்லில் சாப்பிட்டுப் போவார்களோ! எங்கள் தெருவில் இறந்தவருக்காக ஓதும் ஒரு கத்தம் ஃபாத்திஹாவுக்கு ஐம்பது பேருக்குச் சோறு போட நாலு நாள் நாக்குத் தள்ளும். இந்த ஊர் தினமும் இத்தனை வயிற்றுக்குப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இருக்கிறது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இன்னொரு முறை பெரிய வணிக வளாகத்தின் மேல்மாடிக்குப் போனோம். பணம் கட்டியதும் வட்டமாக ஒரு கருவியைக் கையில் கொடுத்தார்கள். சாப்பாடு தயாரானதும் அது சிவப்பு விளக்கு எரிந்து உள்ளங்கையில் துள்ளியது. நான் 'யா அல்லாஹ்' என்று கத்தி அதைக் கீழே போட்டுவிட்டேன். வாப்பா சிரித்தார். "சோறு வந்துருச்சுன்னு கூப்புட ஒரு மனுசன் கெடைக்கலையாக்கும் இவங்களுக்கு" என்றார்.

ஆனால் எந்தக் கடையிலும் வாப்பா சாப்பிடவில்லை. பாதி டீ, அரை இட்லி, "எனக்குப் பசிக்கலை, நீ சாப்புடு" என்ற ஒரே பாட்டு. நாற்பது வருஷம் கடைத்தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த மனிதர். சோற்றைப் பார்த்தாலே எந்த ஊர் நெல், பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். பக்கத்து மேஜைச் சோற்றைப் பார்த்து அரிசியின் ஜாதகத்தைச் சொல்வார். தன் தட்டை மட்டும் தொடமாட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கல்யாணங்களில் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்று பெரிய வட்டத் தட்டு ஒன்று. அதில் நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் கறியை வைப்பார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பதில்லை. மீன்பிடிக்கப் போகிறவரும் மூன்று கடை வைத்திருக்கிறவரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அவரவர் தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நாலு பேரில் வயதில் மூத்தவர் கறியைப் பிய்த்து மற்ற மூன்று பேர் பக்கமும் வைத்த பிறகுதான் தனக்கு எடுத்துக்கொள்வார். எல்லாரும் முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. எங்காவது ஒரு சஹனில் மூன்று பேர்தான் இருந்தால், அவர்கள் சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார்கள். பரிமாறுகிறவர் "ஒரு ஆளு! ஒரு ஆளு!" என்று கூவுவார். அந்தப் பக்கம் யார் போனாலும் உடனே போய் உட்கார்ந்துவிட வேண்டும். சோற்றை முன்னால் வைத்துவிட்டு மூன்று பேரைக் காக்க வைப்பது எங்கள் ஊரில் பெரிய தப்பு.

வாப்பா உட்கார்ந்த சஹனில் கறி பிய்ப்பது எப்போதும் வாப்பாதான். எலும்பைத் திருகி ஒரே இழுப்பில் கறியை எடுத்து மூன்று பக்கமும் வைப்பதை அவ்வளவு அழகாகச் செய்வார். போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அப்படிப் பிய்க்கும்போது கை உதறி, நெய்யும் மசாலாவுமாக ஒரு துண்டு எதிரே இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டார். தன் பக்கம் வாப்பா வைத்த கறியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டார். வாப்பா அதைப் பார்த்தார். மற்ற மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டார். அவர் வாழ்நாளில் சஹனிலிருந்து பாதியில் எழுந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வீட்டிலும் எங்களோடு உட்காரவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார், அதாவது சாப்பிட்டதாகப் பேர். உம்மா எங்கள் வீட்டுச் சஹனைக் கழுவித் துடைத்துப் பரண்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? கை நடுங்குகிறவர்களுக்கென்று கனமான கரண்டி ஒன்று இருக்கிறது, அதை வரவழைத்தேன். கழுத்தில் கட்ட ஒரு துண்டு தைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வாப்பாவுக்குப் பின்னால் துண்டும் கரண்டியுமாகப் போலீஸ்காரி போல நிற்பேன். "வாயத் தொறங்க வாப்பா" என்பேன். அவர் வாயை மூடிக்கொள்வார். கல்லுளிமங்கனை எந்த ஊரில் யாரால் அசைக்க முடியும்? எனக்குக் கோபம் வரும், கத்துவேன், பிறகு அடுப்படியில் போய் அழுவேன்.

போன முறை டாக்டரிடம் போனபோது அவர் எடை பார்க்கும் எந்திரத்தையும் பழைய சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு இளைச்சா நான் எந்த மருந்தைக் குடுத்தும் பிரயோஜனம் இல்லம்மா. அடுத்த தடவையும் இப்படியே வந்தா மூக்கு வழியா குழாய் வச்சுத்தான் சாப்பாடு குடுக்கணும்" என்றார். வாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காதவர் மாதிரி.

வெளியே வந்தோம். நல்ல மத்தியானம், வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குப் பசி, பயம், ஆத்திரம் மூன்றும் சேர்ந்துகொண்டன. ஆஸ்பத்திரிக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கடை. அரபு நாட்டுச் சாப்பாடு, மந்தி என்று பெயர். நீள அரிசிச் சோற்றின் மேல் ஆட்டுத் தொடையை அப்படியே வேகவைத்து வைத்துத் தருவார்கள். இப்போது சென்னையில் தெருவுக்குத் தெரு அதுதான். வாப்பா சாப்பிடுவார் என்று நினைத்து நான் அங்கே ஏறவில்லை. எனக்குக் கால் கடுத்தது, அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் திகைத்துப் போனேன். நாற்காலியே இல்லை. கணுக்கால் உயரத்துக்கு மேடைகள் கட்டி, சிவப்புக் கம்பளம் விரித்து, சாய்ந்துகொள்ளத் திண்டு போட்டிருந்தார்கள். மேடைக்கு மேடை பெரிய வட்டத் தட்டு. அதைச் சுற்றிச் சப்பணமிட்டு ஆட்கள். ஜீன்ஸ் போட்ட பெண்கள், அலுவலகத்து ஆட்கள், குங்குமம் வைத்த ஒரு குடும்பம், எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்தில் மட்டும் பார்க்கிற காட்சி, இந்த ஊரில் சாதாரண வியாழக்கிழமை மத்தியானத்தில்!

"பத்து நிமிஷம் ஆகும்மா, சோபால உக்காருங்க" என்றார் கடைக்காரர். வாப்பாவை உட்கார வைத்துவிட்டு, பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுக்க முன்னால் போனேன். எழுதிவிட்டுத் திரும்பினால் சோபாவில் ஆள் இல்லை.

ரோட்டுக்கு இறங்கிவிட்டாரோ என்று வாசலுக்கு ஓடினேன். கழுவும் இடத்தை எட்டிப் பார்த்தேன். பிறகு, நடுவில் இருந்த ஒரு மேடையில், எனக்குத் தெரிந்த வெள்ளைத் தொப்பி தெரிந்தது.

அந்த மேடையில் மூன்று பையன்கள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. நடுவில் ஆவி பறக்கும் தட்டு, தொடப்படாத சோறு, மேலே ஆட்டுத் தொடை. நாலாவது பக்கத்தில் என் வாப்பா. கையைக் கழுவி, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு முட்டியை உயர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே விருந்தாளி மாதிரி இல்லை, வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

அந்தப் பையன்கள் வேறு யாரோ வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அது எனக்கு ஒரே பார்வையில் புரிந்தது. வாப்பாவுக்கு எப்படிப் புரியும்? பிறகு பஸ்ஸில் கேட்டபோது சொன்னார். "மூணு புள்ளைங்க சோத்த முன்னாடி வச்சுக்கிட்டுக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு ஆளு குறையுது. அத்தன பேரு போறான் வர்றான், ஒருத்தன் போய் உக்காரணுமே! நான் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

நான் மேடையை நெருங்கும்போது அவர், "பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க தம்பி, சோறு ஆறுது" என்றார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் வாப்பா ஆட்டுத் தொடையைப் பிடித்துவிட்டார்.

கை உதறியது. ஒரு பிடி சோறு எழும்பி ஒருவனுடைய போன் மேல் விழுந்தது. மசாலா கம்பளத்தில் தெறித்தது. என் கை தானாகக் கைப்பைக்குள் போய்க் கரண்டியைப் பிடித்தது. மன்னிப்புக் கேட்டு வாப்பாவைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். கண்ணாடி போட்ட பையன் என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தே நான் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாத அளவுக்குத் தலையை அசைத்தான். இருக்கட்டும், வராதீங்க என்பதுதான் அதன் அர்த்தம்.

நான் தூணோரம் நின்றுவிட்டேன். போனில் சோறு விழுந்தவன் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான். வாப்பா எலும்பைத் திருகினார், வரவில்லை. மறுபடி திருகினார். யாரும் "நான் செய்யறேன்" என்று கை நீட்டவில்லை. நானாக இருந்தால் பத்து முறை நீட்டியிருப்பேன். அவர்கள் காத்திருந்தார்கள். கறி பிரிந்தது. வாப்பா கண்ணாடிக்காரன் பக்கம் ஒரு துண்டு, போன்காரன் பக்கம் ஒரு துண்டு, மூன்றாமவன் பக்கம் ஒரு துண்டு வைத்தார். துண்டு போகிற வழியில் ஆடிற்று, சோற்றில் விழுந்தது, மறுபடி எடுத்து வைத்தார். பையன்கள் அதை எடுத்துத் தின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வாப்பா தன் பக்கத்துச் சோற்றை அள்ளினார். பாதி மறுபடி தட்டிலேயே விழுந்தது, மீதி வாய்க்குள் போயிற்று. இரண்டாவது கவளம் போயிற்று. மூன்றாவது போயிற்று. "அரிசி வடக்கத்தி அரிசி, நீளந்தான் இருக்கு, ருசி நம்மளுது மாதிரி வராது" என்று அவர்களுக்குப் பாடமும் நடந்தது.

அப்போதுதான் நாலாவது பையன் வந்தான். கையில் ஹெல்மெட், முகமெல்லாம் வியர்வை. மேடைக்குப் பக்கத்தில் வந்து தன் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான்.

வாப்பா நிமிர்ந்து பார்த்தார். ஹெல்மெட்டைப் பார்த்தார், அந்தப் பையன் கழுத்தில் தொங்கிய அதே அட்டையைப் பார்த்தார், மற்ற மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. அவர் முகம் சுண்டிப் போயிற்று. அதுவரை ஆடிக்கொண்டே கறி பிய்த்த கை மடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"ஒங்க எடமா தம்பி? நான் தெரியாம..." என்று தரையில் கை ஊன்றினார்.

இன்றைக்கு இந்தத் தட்டிலிருந்தும் பாதியில் எழுந்தால், இந்த மனிதர் இனி எந்தத் தட்டிலும் உட்காரமாட்டார். குழாய்தான். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

ஹெல்மெட்காரன் தட்டைப் பார்த்தான். மூன்று நண்பர்கள் பக்கமும் பிய்த்து வைத்த கறி மிச்சம் இருந்தது. ஹெல்மெட்டைக் கீழே வைத்தான். வாப்பாவின் தோளில் இடித்துக்கொண்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை அவருக்கு முன்னால் நீட்டினான்.

"அவனுங்களுக்கு மட்டும்தானா தாத்தா? எனக்கு இல்லையா?"

வாப்பா அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மடியிலிருந்து கை வெளியே வந்தது.

"மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க தம்பி. ரோட்டுலேர்ந்து வந்துட்டு அப்படியே சோத்துல வைக்கிறதா?" என்று அதட்டினார்.

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேடைகள் திரும்பிப் பார்த்தன. அவன் ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தான். வாப்பா இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பிய்த்து அவன் பக்கம் வைத்தார்.

எங்கள் முறை வந்துவிட்டதென்று கடைக்காரர் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். எனக்குச் சாப்பாடு இறங்கும் நிலைமையா? தூணோரம் நின்று முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். கடைசிப் பையன் முடிக்கும் வரை வாப்பா எழுந்திருக்கவில்லை. தட்டில் வாப்பாவின் பக்கம் சோறு தீர்ந்து தட்டின் அடி பளபளத்தது. ஒரு வருஷமாக நான் பார்க்காத பளபளப்பு அது.

கிளம்பும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடிக்காரன், "நீங்க வேற ஆன்ட்டி, எங்களுக்கு இன்னிக்குத்தான் இதை எப்படிச் சாப்பிடணும்னே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன மதம், ஒன்றும் தெரியாது. சஹன் என்ற வார்த்தையையே அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். பெற்ற பெண் நான் ஒரு வருஷமாகக் கரண்டியை நீட்டினேன். அந்தப் பையன் கையை நீட்டினான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரிய முந்நூற்றைம்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. அந்த ஊரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. யார் பெற்ற பிள்ளைகளோ, அல்லாஹ் அவர்களை நல்லா வைக்கட்டும்.

மறுநாள் மத்தியானம் வீட்டில் கொடுவா மீன் ஆணம், அதாவது குழம்பு. வாப்பா சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல அறைக்குள் போவார் என்று நான் தட்டை எடுத்தேன். அவர் கூடத்தில் விரித்திருந்த பாயில் வந்து உட்கார்ந்தார். உம்மா அவரைப் பார்த்தார், பரணைப் பார்த்தார். ஸ்டூலைப் போட்டு ஏறிச் சஹனை இறக்கினார். கழுவிச் சோற்றைக் கொட்டி, ஆணத்தை ஊற்றி நடுவில் மீனை வைத்தார். ஒரு பக்கம் உம்மா உட்கார்ந்தார், இன்னொரு பக்கம் என் மகள் உட்கார்ந்தாள். நான் பழக்கதோஷத்தில் கரண்டியும் துண்டுமாக வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

வாப்பா சோற்றில் கை வைக்கவில்லை. யாரையும் பார்க்காமல், கல்யாண மண்டபத்தில் கூவுவதுபோல உரக்கக் கூவினார்.

"ஒரு ஆளு! ஒரு ஆளு!"

"நீங்க சாப்புடுங்க வாப்பா, நான் ஒங்களுக்குப் பாத்துட்டு அப்பறமா..."

"மூணு பேரு காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார்.

கரண்டியை ஜன்னலில் வைத்துவிட்டு நாலாவது பக்கத்தில் உட்கார்ந்தேன். வாப்பா மீனை எடுத்து முள் நீக்கத் தொடங்கினார். ரொம்ப நேரம் ஆயிற்று. என் விரல்கள் துடித்தன, கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன். ஒரு துண்டை என் பக்கம் கொண்டுவந்தார், அது பாதி வழியில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அதில் ஒரு முள் இருந்தது. நான் சொல்லவில்லை.